நாலாம் அறைக்காரி

ஒரு கதவைத் திறக்க மனுஷனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கைப்பிடியைத் திருகித் தள்ளினால் முடிந்தது. உட்பிரிவு எழுதிய விதிப்புத்தகத்தின்படி விண்கப்பலில் ஒரு கதவைத் திறப்பதற்குப் பதினான்கு படிகள். அதில் ஒன்பது படிகளுக்குப் பகடை உருட்ட வேண்டும். பகடை சரியாக விழாவிட்டால் முதல் படியிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு கதவுக்கு முன்னால் போய் நின்ற மூன்று பேர், சாயங்காலம் ஆறு மணிக்கும் அதே கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கழிப்பறை.

உட்பிரிவு என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலக அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தொழிலில் அவர் லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய், கம்பிக்கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு நடுவில் யாராவது கையை நீட்டினால் நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. லிஃப்டின் தரைக்கும் மாடியின் தரைக்கும் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம் என்று சட்டம் சொன்னால், பதினொன்று இருக்கிற லிஃப்டை இவர் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போய்விடுவார். எட்டாவது மாடிக்காரர்கள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே இவருடைய வம்சத்தையே வாழ்த்துவார்கள். "எங்க சார் அப்படிப் போட்டிருக்கு?" என்று மெக்கானிக் கேட்டுவிட்டால் போதும், "பிரிவு ஆறு, உட்பிரிவு மூணு" என்று யோசிக்காமல் வந்து விழும். மெக்கானிக்குகள் வைத்த பெயர்தான், வீடு வரைக்கும் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஆசாமி வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்கள் எழுதின சட்டத்தைப் பார்த்துப் பார்த்து, ஏழாம் நாள் தானே ஒரு சட்டம் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, வாயாலேயே கதை நடத்துகிற விளையாட்டு இருக்கிறதல்லவா, அதில் விண்வெளிக்குப் போகிற மாதிரி ஒன்றைச் சொந்தமாகத் தயாரித்தார். பூமியிலிருந்து கிளம்பி நாற்பது நாளில் ஒரு கோளில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் கதை. விதிகள் அறுநூற்றுப் பதினான்கு பக்கம். கொட்டாவிக்கு ஒரு அட்டவணை. அழுகைக்கு ஒரு அட்டவணை, அதில் விக்கி விக்கி அழுவதற்குத் தனிப் பத்தி. எடையற்ற நிலையில் தும்மினால் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பின்னால் போவோம் என்பதற்கு இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்ட வேண்டும்.

ஆடுவதற்கு மூன்று பேர். தலைவி, அவருடைய தங்கை. என்ஜினியர், தங்கையின் கணவர்; மெத்தைக் கடை மேலாளர். கப்பலில் படுக்கையின் நீள அகலம் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதற்காகவே சேர்ந்தவர், வந்ததும் அந்தப் படுக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். மூன்றாவது ஆள் பஸ் டிரைவர். விமானி வேடம் கொடுத்தபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஞாயித்துக்கிழமையும் ஓட்டணுமா சார்? எனக்குச் சமையக்காரன் வேலையே போதும்" என்றார். உட்பிரிவு நடுவர். நடுவர் சொல்வதுதான் தீர்ப்பு என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

முன்பு நான்காவதாக ஒருத்தி இருந்தாள். உட்பிரிவின் மனைவி.

அவளைச் சந்தித்ததே லிஃப்டில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோதனை செய்ய ஏறின லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே இவரும், கண் பரிசோதனை படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும். நாற்பது நிமிஷம். லிஃப்டில் காற்று போக வழி உண்டு என்பது மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரியும். தெரிந்தும், பென்சிலை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டுவிட்டு, "தயவுசெஞ்சு பேசாதீங்க, காத்து வீணாகுது" என்றார். அவள் சிரித்தாள். "சிரிச்சா இன்னும் மோசம்" என்றார். அதற்கு அவள் நாற்பது நிமிஷமும் விடாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஆள் அவுட். ஆறு மாதத்தில் கல்யாணம்.

விளையாட்டின் முதல் நாலு வருஷம் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவே இல்லை. மூட்டை ஏற்றுவதற்கான விதிகளை இவர் திருத்திக்கொண்டே இருந்தார். ஞாயிறுதோறும் நாலு பேர் மூட்டை ஏற்றினார்கள். இவர் எடை பார்த்து இறக்கச் சொன்னார். வீட்டிலும் அதே கதை. துண்டு எந்தக் கொக்கியில், செருப்பு எந்த வரிசையில் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவு. கடைசியில் கப்பல் கிளம்பியது. கிளம்பிப் பதினோராம் நாள், அதாவது பதினோராவது ஞாயிறு, அவள் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். எடை பார்க்க அவள் விடவில்லை.

அந்தப் பயணத்தை அத்தோடு பாதியில் நிறுத்தினார்கள். அவளுக்குப் பிறகு ஏழு வருஷத்தில் கப்பல் ஏழு பயணம் போயிற்று. ஏழிலும் எல்லாரும் செத்தார்கள். அடிதடி இல்லை, வேற்றுலகத்து மிருகம் இல்லை. காற்று தீர்ந்து போய்ச் செத்தார்கள், ஒவ்வொரு தடவையும் முப்பத்தேழாம் நாள். எல்லாரும் செத்தால் புறப்பட்ட நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. ஆரம்பித்தார்கள். டிரைவர் கொட்டாவியைக்கூட அடக்கிப் பார்த்தார். மெத்தைக்காரர், தூங்கினால் காற்று குறைவாகச் செலவாகும் என்று காரணம் சொல்லி, மனசாட்சி உறுத்தாமல் தூங்கினார். எதைச் செய்தும் அந்தக் கடைசி மூன்று நாளைத் தாண்ட முடியவில்லை.

எட்டாவது பயணத்தின் முப்பத்தைந்தாம் நாளில் இடி விழுந்தது. மெத்தைக் கடை மேலாளருக்குக் கடல் கடந்து மாற்றல். தங்கையும் அவரும் அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளம்புகிறார்கள். மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு.

"இந்த வாட்டி போய்ச் சேந்துட்டோம்னா, அங்கேர்ந்து போன்ல ஆடலாம், நான் விடமாட்டேன்" என்றாள் தங்கை. "இதுலயும் செத்தா இத்தோட சரி. ஏழு வருஷமா மூச்சுத் திணறிச் செத்தது போதும்ணா. அந்தப் புத்தகத்த எடைக்குப் போட்டுடு."

டிரைவரும் தலையாட்டினார். மெத்தைக்காரர் தூக்கத்திலேயே தலையாட்டினார்.

உட்பிரிவு "விதிப்படி நடக்கும்" என்று விறைப்பாகச் சொன்னார். ஆனால் மனிதருக்கு இருந்தது அந்த ஞாயிறு ஒன்றுதான். அன்றைக்கு மட்டும்தான் அவர் வீட்டு மணி அடிக்கும், நாலு காப்பித் தம்ளர் கழுவ வேண்டியிருக்கும். மற்ற நாளெல்லாம் ஒரு தம்ளர்.

அந்த வாரம் தங்கை ஒரு காரியம் செய்தாள். பதினோரு வருஷத்தில் யாரும் செய்யாத காரியம். விதிப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். சாமான் கட்டுகிற வேலையைப் போட்டுவிட்டு மூன்று நாள் படித்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மணியை அடித்தாள்.

"அண்ணா, காத்துத் தொட்டியை எத்தனை பேருக்கு நிரப்புவ?"

"மேசையில எத்தனை பேர் உக்காந்திருக்காங்களோ அத்தனை பேருக்கு, நாப்பது நாளைக்கு மேல நாலு நாள் கூடுதலா. பிரிவு எட்டு."

"மூணு பேருக்கு."

"மூணு பேருக்கு."

"செலவு? எத்தனை பேர் மூச்சு விடறாங்கன்னு எதைப் பாத்து எழுதுவ?"

தங்கை பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தாள். செலவு, கப்பல் பதிவேட்டில் பெயர் இருக்கிறவர்களைப் பார்த்து எழுதப்படும். பிரிவு இருபத்திரண்டு. பதிவேட்டில் நாலு பெயர். ஆட வராதவருடைய பாத்திரம் தன் அறையில் தூங்கிக்கொண்டிருப்பதாகக் கொள்ளப்படும், தூங்குகிறவர் நாளொன்றுக்கு ஆறு அலகு காற்றை எடுத்துக்கொள்வார். பிரிவு முப்பத்தொன்று.

"நாலாம் அறையில அண்ணி தூங்கிட்டு இருக்காங்க" என்றாள் தங்கை. "ஏழு வருஷமா எங்க காத்த இழுத்துக்கிட்டு."

"பதிவேட்டுல இருக்கு" என்றார் உட்பிரிவு.

"வாராவாரம் நீதானே கூட்டற? பத்து, பத்து, பத்து, ஆறு. அந்த ஆறை உன் கையாலதானே எழுதற? உனக்குத் தெரியாதா?"

தெரியும். எப்படித் தெரியாமல் போகும்? ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு மாடியைப் படியேற வைக்கிறவருக்கு ஆறு அலகு தெரியாதா? முதல் பயணம் முடிந்தபோதே தெரியும். ஆனால் ஞாயிறுதோறும் மூன்று பத்துகளுக்குக் கீழே அந்த ஆறை எழுதுகிறபோது அவருக்கு நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. அவள் இருக்கிறாள், பக்கத்து அறையில்தான், நன்றாகத் தூங்குகிறாள், மூச்சு சீராக வருகிறது. அந்த ஒரு எண்ணுக்காக மூன்று பேரைத் திரும்பத் திரும்பக் கொன்றிருக்கிறார் இந்த நீதிமான். இதற்கும் ஒரு அட்டவணை போட்டிருக்கலாம்.

"பேரை அடிச்சுடு" என்றாள் தங்கை.

"நடுவர் அடிக்க முடியாது. ஆடறவங்களே படிவம் ஒன்பதுல கையெழுத்துப் போட்டு வெளியேறணும்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப போய் வாங்கிட்டு வா!"

வெள்ளிக்கிழமை மதியம், ஒரு மருத்துவமனை லிஃப்டைச் சோதித்துவிட்டு, கையில் படிவம் ஒன்பதோடு உட்பிரிவு, பிரிந்துபோன மனைவி வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக்கடைக்குப் போனார். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, சுவரில் எழுத்து அட்டை, ஒரு உயரமான நாற்காலி. அவள் லென்ஸ் பெட்டியை அடுக்கிக்கொண்டே, "அடுத்தவங்க உக்காருங்க" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களா?"

"ஒரு கையெழுத்து வேணும்."

"எல்லாக் கையெழுத்தும் அன்னைக்கே போட்டாச்சே."

"இது வேற. கப்பலுக்கு."

வெளியே கடை முதலாளி எட்டிப் பார்த்தார். அவள் சட்டென்று சோதனைக் கண்ணாடியை எடுத்து இவர் மூக்கில் மாட்டினாள். "முதலாளி பாக்கறாரு. கண்ணைக் காட்டிக்கிட்டே சொல்லுங்க. கீழ் வரியைப் படிங்க."

இவருக்குக் கீழ் வரி ஏதோ எறும்பு போகிற மாதிரி தெரிந்தது. அவள் ஒரு லென்ஸைப் போட்டாள், எடுத்தாள், வேறொன்றைப் போட்டாள்.

"இது தெளிவா, இது தெளிவா?"

"எத்தனை சதவீதம் தெளிவா இருந்தா தெளிவுன்னு சொல்லலாம்?"

"அடடா, மாறவே இல்ல. சொல்லுங்க, என்ன கப்பல்?"

"நீ இன்னும் கப்பல்லதான் இருக்க. நாலாம் அறையில. தூங்கிட்டு இருக்க."

லென்ஸ் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. "ஏழு வருஷமாவா?"

"ஏழு பயணம். இது எட்டாவது."

"நடுவுல எந்திரிக்கவே இல்லையா நானு?"

"ஆடறவங்க வந்தாதான் எந்திரிக்க முடியும். பிரிவு முப்பத்தொண்ணு."

அவள் சிரித்தாள். அதே லிஃப்ட் சிரிப்பு. முதலாளி மறுபடி எட்டிப் பார்த்தார். உட்பிரிவு மீதியையும் சொன்னார்: தொட்டி மூன்று பேருக்கு, மூச்சு நாலு பேருக்கு, முப்பத்தேழாம் நாள், வருகிற ஞாயிறு கடைசி. சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவங்க மூணு பேரும் ஏழு தடவை செத்தாங்க. நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ம்."

"என் பேரை எடுக்க மனசு வரலை."

விதி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "வரலை" என்றார்.

அவள் படிவத்தை வாங்கி மேசையில் வைத்தாள். வெளியேறிய நாள் என்ற இடத்தில் யோசிக்காமல் ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியை எழுதினாள். வெளியேறிய விதம் என்ற இடத்தில் "கதவைத் திறந்து" என்று எழுதினாள். உட்பிரிவு சோதனைக் கண்ணாடியோடேயே குனிந்து பார்த்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"இந்தத் தேதியில கப்பல் கிளம்பிப் பதினோரு நாள் ஆயிடுச்சு. சுத்தி ஒண்ணுமே இல்ல. காத்தே கிடையாது. வெளிய போனா செத்துடுவ."

"வீட்ட விட்டுக் கிளம்பினப்பவும் இதேதான் சொன்னீங்க. வாசல்ல நின்னுக்கிட்டு, 'வெளிய போய் என்ன பண்ணுவ, செத்துடுவ'ன்னு." அவள் குரலை உயர்த்தவில்லை. "செத்தா போயிட்டேன்?"

உட்பிரிவு குனிந்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

அவள் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை மடித்து அவர் சட்டைப் பையில் செருகினாள். மூக்கிலிருந்து சோதனைக் கண்ணாடியைக் கழற்றி, அவருடைய பழைய கண்ணாடியைக் கையில் கொடுத்தாள்.

"நான் போறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்த பவர் இது. இதை வச்சுக்கிட்டு அந்த அட்டவணையெல்லாம் எப்படிப் படிச்சீங்க?"

"மனப்பாடம்" என்றார் உட்பிரிவு.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் படிவம் ஒன்பதை வைத்தார். தங்கை தேதியைப் பார்த்துத் துள்ளிக் குதித்தாள்.

"ஏழு வருஷம் முன்னாடியே எறங்கிட்டாங்கன்னா, இந்தப் பயணத்துல அண்ணி மூச்சே விடல! முப்பத்தஞ்சு நாளுக்கு ஆறு ஆறா கழிச்சியே, அதெல்லாம் தொட்டிக்குத் திரும்ப வரணும். இருநூத்திப் பத்து அலகு!"

"முன்தேதியிட்டு வெளியேறினா காத்து திரும்ப வருமான்னு..." உட்பிரிவு புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். தும்மலுக்கு இரண்டு பக்கம் எழுதின மகாபுருஷன் இதற்கு ஒரு வரி எழுதவில்லை.

"விதி இல்லேன்னா நான் சொல்றதுதான் விதி" என்றாள் தங்கை. நடுவர் ரப்பரை எடுத்து, முப்பத்தைந்து நாளிலும் இருந்த ஆறுகளை ஒவ்வொன்றாக அழித்தார். அழிக்க வெகு நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதற்கப்புறம் கப்பல் பறந்தது. ஐந்து நாளை ஒரே மதியத்தில் முடித்தார்கள். கழிப்பறைக் கதவைத் திறந்தது திறந்தபடியே விட்டுவிடலாம் என்று டிரைவர் யோசனை சொன்னார். இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றவில்லை. மெத்தைக்காரர் முழித்துக்கொண்டே இருந்தார். முப்பத்தேழாம் நாள் வந்தது, போனது. நாற்பதாம் நாள் கப்பல் தரை தட்டியபோது மூவரும் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணி அடித்தார்.

"கதவத் திறக்கறேன்" என்றாள் தங்கை. கண் பளபளத்தது. "பதினாலு படியும் தாண்டியாச்சு. திறந்துடுச்சு. என்னண்ணா தெரியுது?"

உட்பிரிவு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அறுநூற்றுப் பதினான்காம் பக்கம். மேலே "கோள்" என்று தலைப்பு. கீழே "பின்னர் எழுதப்படும்" என்று ஒரு வரி. மீதி வெள்ளை. அட பாவி மனுஷா! கதவுக்கு ஒன்பது உருட்டல், கொட்டாவிக்கு அட்டவணை, போய்ச் சேருகிற இடத்துக்கு ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. இவர்கள் என்றைக்காவது போய்ச் சேருவார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை.

மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய காத்து இருக்கா சார்?" என்றார் டிரைவர். "சீக்கிரம் சொல்லுங்க, கதவு தொறந்துடுச்சு."

உட்பிரிவு பகடையை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு உருட்டாமல் கீழே வைத்தார்.

"இருக்கு."

"எவ்வளவு?"

"போதுங்கற அளவுக்கு."

"வேற?" என்றாள் தங்கை.

"மண்ணுல காலடி தெரியுது. நமக்கு முன்னாடியே ஒருத்தங்க வந்து எறங்கி நடந்து போயிருக்காங்க." அவர் புத்தகத்தை மூடினார். "நல்லா வேகமா நடந்திருக்காங்க. திரும்பி வந்த தடம் இல்ல."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். குறித்துக்கொள்வதற்காக மெத்தைக்காரர் ஒரு தாளை இழுத்துவைத்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"காலடி நீளம் எத்தனை சென்டிமீட்டர் மச்சான்?"

"அளக்கலை" என்றார் உட்பிரிவு.